உறை

இரவு எட்டு மணிக்கு வண்டியை
ஏரிக்கரை முற்றத்தில் நிறுத்தினோம்.
காலை எட்டு வரை யாரும் தொடக்கூடாது.
உறைக்கு ஊற்றிய பால் மாதிரிதான்,
ஆடாமல் அசையாமல் கிடந்தால்தான்
எண்ணெய் கெட்டிப்படும்,
இரும்பின் மஜ்ஜை வரை குளிர் இறங்கும்.
ஓர் இரவுக்கு ஒரே ஒரு தொடக்கம்.
பிசகினால் இன்னோர் இரவு வேண்டும்.
வட ஸ்வீடனிலும் இரவுகள் எண்ணித்தான் கிடைக்கும்,
ஏப்ரல் வந்தால் ஏரி இளகிவிடும்.

கம்பிக் கதவைத் தாண்டிய பிறகுதான்
வோல்க்மார் தன் கைகளைப் பார்த்தான்.
கடைசி சென்சார் வயரைச் செருகக் கழற்றியது.
கையுறைகள் ஓட்டுநர் இருக்கையில்,
ஒன்றின் மேல் ஒன்று,
கண்ணாடி வழியே நன்றாகத் தெரிகின்றன.

மைனஸ் முப்பத்தொன்று.

கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும்,
எங்கோ ஒரு ரிலே 'டிக்' என்னும்,
பேட்டரி அரை மூச்சு விடும்,
வரைபடத்தில் எறும்பளவு ஒரு புடைப்பு.
முனிச்சில் உள்ளவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.
எட்டேகாலுக்கு யார் வந்தது?

முற்றத்தில் பனி தள்ளும் ரவுனாவிடம் சாவி.
நீட்டினாள்.
திறக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்னவும் இல்லை.
வோல்க்மார் சாவியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்,
ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
அது புகையாகி அவன் தாடியிலேயே ஒட்டிக்கொண்டது.

என் இடது கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன்.
விடுதி ஒன்றரை கிலோமீட்டர்.
ஒரு கை உறைக்குள், ஒரு கை பைக்குள்.
பாலத்தருகே மாற்றிக்கொண்டோம்.
பேசவில்லை. பேசினால் பல் கூசியது.

காலை எட்டு.
சாவியைத் திருப்பினேன்.
யாரோ கல்லை மென்றுகொண்டிருக்கும் சத்தம்.
ஒரு சுற்று. இன்னொன்று.
மூன்றாவதில் ஒரு சிலிண்டர் மட்டும் இருமியது,
மற்ற மூன்றும் கேட்காததுபோல் இருந்தன.
பிறகு எல்லாம் ஒருசேரப் பிடித்துக்கொள்ள
வெண்புகை ஏரியின் பாதியை மறைத்தது.

நான்கு புள்ளி ஆறு வினாடி.
இலக்கு மூன்றரை.

ரவுனா கைதட்டினாள்.
தோல்வி என்று சொன்னேன்.
"ஓடுகிறதே" என்றாள்.

டீசல் அளவில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும்.
வோல்க்மாருக்கு விரல் மடங்கவில்லை,
அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.
அறிக்கையில் 'இடையூறு' என்ற கட்டத்தில்
'எதுவும் இல்லை' என்று நிரப்பினேன்.
அது உண்மைதான்.

வெளியே பானெட்டின் மேல்
பலகைபோல் விறைத்த அவனுடைய கையுறைகள்.
இன்ஜின் சூடேறச் சூடேற
முதலில் ஒரு சுண்டுவிரல் தளர்ந்தது.
இன்றிரவும் எட்டு மணிக்கு.