பதினான்காம் ஸ்லைடு

பெர்கனில் மழை ஓய்ந்தால்தான் செய்தி.
கல்லூரியின் மூன்றாம் மாடி, நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம்.
யோருன் கையில் முட்டை வேகவைக்கும் டைமர்.
பத்து நிமிடத்துக்குள்
ஒரு படகு நிறுவனத்தைக் கரையேற்ற வேண்டும்.

கேஸ் மொத்தம் நாற்பத்தோரு பக்கம்.
தோர்கெய்ர் அதைப் பிழிந்து
ஒரே வரியில் காயப்போட்டிருந்தான்:
வடக்குத் தீவுக்குக் குளிர்காலச் சேவையை நிறுத்து.
நட்டம் நிற்கும். அம்பு பச்சையில் ஏறும்.

மூக்குக்கண்ணாடி இரவல் வாங்கி
நடுவராக உட்கார்ந்தாள் செம்ஹார்.
"ஒரு நடைக்குச் சராசரி பதினொரு பேர் என்கிறீர்கள்.
யார் அந்தப் பதினொரு பேர்?"

"அருமையான கேள்வி" என்றேன்.
பயிற்சியில் அப்படித்தான் தொடங்கச் சொன்னார்கள்,
மேற்கொண்டு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

பின்னிணைப்பைப் புரட்டினோம்.
டீசல் இருந்தது, கயிறு இருந்தது, பெயிண்ட்,
காப்பி இயந்திர வாடகைகூட இருந்தது.
ஆட்கள் இல்லை.

"பல் பிடுங்கப் போகிறவர்" என்றான் தோர்கெய்ர்.
"செல்லோவைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன்" என்றாள் யோருன்,
"ஒருத்தி சும்மா, சினிமாவுக்கு."
இப்படியே ஏழுவரை வந்துவிட்டோம்.
மிச்ச நால்வருக்கு எங்கள் கற்பனை போதவில்லை.
டைமர் அலறியது. அதை யாரும் தொடவில்லை.

விடிந்தால் போட்டி.
பதினான்காம் ஸ்லைடில் அம்பு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.
அதன் காலடியில், எறும்பளவு எழுத்தில்,
தோர்கெய்ர் ஏதோ சேர்க்கிறான்.
எட்டிப் பார்த்தேன்:
செவ்வாய், வெள்ளி மட்டும் ஓடும்.

இனிக் கூட்டலை முதலிலிருந்து போடவேண்டும்.
செம்ஹார் கண்ணாடியைக் கழற்றவேயில்லை.
நான் காப்பி வைக்கப் போகிறேன்.