சம்டைம்ஸ்

ஒகெல்லோவுக்கு இந்தி வராது, எனக்கு அவன் பாஷை வராது.
மூன்று முறை வந்தான்.
மூன்று முறையும் ஒரே சொல்:
சம்டைம்ஸ்.

சொல்லிக்கொண்டே வண்டியை உள்ளே தள்ளுவான்.
சாவி போட்டால் மீட்டர் பளிச்சென்று எரியும்,
ஒரே அழுத்தில் எஞ்சின் பிடிக்கும்,
டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிட்ட பிள்ளை மாதிரி.

சார்ஜா, பத்தாம் சனாயா, ஆகஸ்ட்.
இரவு ஒன்பதுக்கும் ஸ்பேனர் வியர்க்கிறது.

முதல் தடவை டெர்மினலை இறுக்கினேன்.
ஃபியூஸை உருவித் துடைத்தேன்.
எர்த் போல்ட்டுக்கு அடியில் உப்புப் பூத்திருந்தது,
சுரண்டி எடுத்து கிரீஸ் தடவினேன்.
ஓடுகிறதே என்றேன்.
ஓடுகிறது என்று அவனும் தலையாட்டினான்,
தப்பு தன்மேல்தான் என்பதுபோல.

இரண்டாம் தடவை
கடை முதலாளி மலங் ஜான்
கல்லாவில் இருந்தபடியே வைத்தியம் சொன்னார்:
புது பேட்டரி போட்டு அனுப்பு.
போட்டேன். நூற்றெண்பது திர்ஹம்.
கழற்றியதில் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட் இருந்தது.
பார்த்தேன்.
பார்த்துவிட்டு மல்டிமீட்டரை அணைத்தேன்.

மூன்றாம் தடவை முழங்கால் பேண்ட் கிழிந்திருந்தது.
நடுரோட்டில், திரும்பும்போது,
எல்லாம் ஒருசேர அணைந்ததாம்.
பின்னால் வந்த லேண்ட் க்ரூஸர் ஒதுங்கியதால்
இங்கே நிற்கிறான்.
கொட்டிப்போன மூன்று மந்தி, சம்பளத்தில் பிடித்தம்.

சட்டைப்பையிலிருந்து ஒரு கத்தை பில் எடுத்து நீட்டினான்.
டேங்க் பையின் சூட்டில் கறுத்துப்போன டெலிவரி பில்கள்.
டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால்
பேனா அழுத்திய தடம் மட்டும் தெரிந்தது.
ஒவ்வொன்றிலும் மணி, இடம், ஒரு கோணல் அம்பு.
ரோலா, 9.40.
அல் நஹ்தா, 1.15.
முவைலா, முவைலா, மறுபடி முவைலா.
ஏழு பில். ஏழு அம்பும் இடப்பக்கம் வளைந்து
வந்த வழிக்கே திரும்பின.

யூடர்ன்.

நான் ஒருநாளும் ஹாண்டில்பாரைத் திருப்பிப் பார்த்ததில்லை.
சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி
நேராகவே சோதித்திருக்கிறேன்,
தூங்குகிறவனிடம் கால் வலிக்கிறதா என்று கேட்டதுபோல.

பேட்டரி லைனைக் கழற்றிவிட்டு
மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் சிவப்பு ஒயரில் வைத்தேன்.
பீப் என்று நீளமாய்க் கத்தியது.
ஒகெல்லோ ஹாண்டிலை மெல்ல இடப்பக்கம் ஒடித்தான்.
நின்றது.
நேராக்கினான். பீப்.
ஒடித்தான்.
மலங் ஜான் கூட டீ கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

கழுத்தடியில் டேப்பைக் கிழித்தேன்.
ஒயர் தோல் முழுசு. ஒரு கீறல் இல்லை.
விரலால் நீவிக்கொண்டே போனால்
ஓரிடத்தில் மட்டும் நூல் மாதிரி மடிந்தது.
பிளேடால் திறந்தேன்: பச்சைத் தூள்,
தொட்டும் தொடாமலும் இரண்டு செம்பு இழை.

அறைக்குப் போய்ச் சொன்னால்
மேல் கட்டில் மரியசூசை
மனுஷனும் அப்படித்தானே என்று ஆரம்பிப்பான்.
அதெல்லாம் இல்லை. ஒயர் ஒயர்தான்.
மனுஷனைச் சும்மா இடப்பக்கம் ஒடித்து
கண்டுபிடித்துவிட முடியுமா என்ன.

ஈயம் வைத்தேன். ஸ்லீவ் போட்டேன்.
இந்த முறை நாலு விரல் தளர்வு விட்டுக் கட்டினேன்.
கடைக்கு எதிரே, லாரிகளுக்கு நடுவில்,
அவன் இடப்பக்கமாகவே சுற்றினான்,
எட்டு, ஒன்பது, பத்து.
ஹெட்லைட் சுவரைத் துடைத்துத் துடைத்துப் போனது.
அணையவில்லை.

முப்பது திர்ஹம் எண்ணிக் கொடுத்தவன்
திரும்பும்போது நின்றான்.
அலமாரியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.
அதற்குக் கீழே பேட்டரி,
அதன்மேல் அவன் கம்பெனியின் நீல ஸ்டிக்கர்.

அதையும் என்னையும் பார்த்தான்.
அது கெட்டுப்போனதுதானே என்று
விரலாலேயே கேட்டான்.

எனக்கும் அவனுக்கும் பொதுவாக
ஒரே ஒரு சொல் இருந்தது.

சம்டைம்ஸ் என்றேன்.