மூக்கோரம்

சோமனூர் அரசுப் பள்ளி. சத்துணவுக் கூடத்தில்
'நடுமூளைத் திறப்பு விழா' என்று பேனர்.
கண்கட்டிய மயூரிகா
நோட்டைத் தடவி "பச்சைங்க" என்கிறாள்.
உள்ளூர் சேனல் இன்னொரு தடவை கேட்கிறது.
வட்டாரக் கல்வி அலுவலர் கைதட்ட,
அதைப் பார்த்துத் தலைமையாசிரியரும்.

நோட்டை அவள் நெற்றிக்கு நேரே தூக்கினேன்.
தண்ணீர் குடித்த கோழிபோல
தலை மெல்ல அண்ணாந்தது.
"சந்தேகப்பட்டா சக்தி போயிருமுங்க"
என்றார் பயிற்சியாளர், சிரித்தபடி.

"மூக்கோரம் தெரியுதுங் டீச்சர்,"
என் காதுக்கு மட்டும் சொன்னாள்.
"தறி ஓடாத மாசத்துல அப்பா கட்டுன காசுங்."

துணியை அவிழ்த்து
என் கண்ணில் கட்டிக்கொண்டேன்.
இடுப்புயரத்தில் எதையாவது நீட்டுங்க என்றேன்.
நீட்டியது ரசீதுப் புத்தகம்.
மைக்கில் வாசித்தேன்:
எண் இருநூற்றுப் பதினாலு,
ரூபாய் ஏழாயிரம்,
திருப்பித் தரப்படமாட்டாது.