நான்கு கட்டம்

ஆகஸ்ட் பதினொன்று, இரவு எட்டே முக்கால்.
மெந்தோசாவிலிருந்து ஏறி வந்த பேருந்தை
ஆந்தீஸ் கணவாயில், எங்கள் சுங்கச் சாவடியருகே
பனி மறித்தது.
இறங்கியவர்கள் பத்தொன்பது பேர்,
பெட்டிகள் இருபத்திரண்டு.
"நாங்கள் இசைக்குழு" என்றாள் முன்னால் நின்றவள்.
கொஞ்சம் யோசித்து,
"அரிச்சுவடி வகுப்பு என்று போட்டுக்கொள்ளுங்கள்."
பல் வைத்தியர், டயர் கடைக்காரர்,
ஒரே வழக்கில் எதிரெதிராக வாதாடும் இரண்டு வக்கீல்கள்.
யாருக்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் கைப்பழக்கம் இல்லை.

என் படிவத்தில் நான்கு கட்டம்:
தந்தி. மரம். பித்தளை. அடி.
சாந்தியாகோவில்
சூடேற்றிய அறையில் உட்கார்ந்து
எவரோ கோடு கிழித்தது.

வயலின், வியோலா, செல்லோ. சுலபம்.
ஒரே ஜாடை, வேறு வேறு உயரம்;
கடைசியில் வந்த டபுள் பாஸ்
கதவில் குனிந்துதான் நுழைந்தது.

"புல்லாங்குழல். மரம்" என்றார் பல் வைத்தியர் தெயோபால்தோ.
வெள்ளியாய் மின்னுகிறதே, என்றேன்.
"உடம்புதான் உலோகம். வம்சம் மரம்."
சரி, எழுதினேன்.
கிரிசெல்தா சாக்ஸபோனைத் திறந்தாள்.
தலை முதல் கால் வரை பித்தளை.
பேனா அந்தக் கட்டத்துக்குப் போனதும்
"இல்லை இல்லை" என்று
வாய்முனையிலிருந்து ஒரு சீவலை உருவினாள்:
நாணல், நகத்தின் கனம்.
"இது துடித்தால்தான் அது பேசும். ஆகவே மரம்."
அப்போ பித்தளை எது?
டயர் கடைக்காரர் உதட்டைப் படபடவென்று ஊதிக் காட்டினார்,
குளிரில் குதிரை செய்கிறதே, அப்படி.
"இதைக் கோப்பைக்குள் வைத்தால் ட்ரம்பெட்."
என் தாளில் அடித்தலுக்கு மேல் அடித்தல்.
எதால் செய்தது என்று கேட்கக்கூடாதாம்,
எது நடுங்குகிறது என்று கேட்க வேண்டுமாம்.
இருபது வருஷமாக எல்லையில் நிற்கிறேன்.
மனிதர்களிடம்கூட அப்படிக் கேட்டதில்லை.

அக்கார்டியன் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்:
மூச்சு விடுகிறது.

பத்து மணிக்குப் பாதை மூடியாயிற்று.
குளிரில் ஊதுகருவிகளுக்குச் சுருதி இறங்குமாம்,
கருவிகளைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினார்கள்,
கோழி அடைகாப்பதுபோல.
ஓபோ ஒரு 'லா' கொடுத்தது.
ஒவ்வொருவராக அந்த ஒற்றை ஸ்வரத்தை நோக்கி
தட்டித் தடவி வந்தார்கள்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கைகளாக.
இரண்டு வக்கீல்களும் மட்டும் சேரவில்லை.

அடிக் கட்டம் காலி.
முக்கோண மணிக்காரருக்குக் காய்ச்சல், ஊரிலேயே படுத்துவிட்டார்.
கிரிசெல்தா என் மேசையைப் பார்த்தாள்,
மேசைமேல் இருந்த முத்திரையைப் பார்த்தாள்.

தாளைத் தந்தார்கள்.
ஐந்து கோடு. செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே
இங்கேயும் கட்டங்கள்!
ஒரு கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை.
மேலே 'அந்தாந்தே' என்று எழுதியிருந்தது: நடக்கிற வேகம்.
இந்தப் பனியிலா, என்றேன்.
"இந்தப் பனியில் எப்படி நடப்பீர்களோ, அப்படி."
நாலாம் கோட்டில் தொங்கிய சின்னக் கறுப்புச் செங்கல் எதற்கு?
"மௌனம். ஒரு கட்டம் முழுக்க."
எனக்கு அப்படி முப்பத்தொன்று.
முப்பத்திரண்டில் ஒரே ஒரு அடி.

ஒன்று இரண்டு மூன்று நான்கு
இரண்டு இரண்டு மூன்று நான்கு
மூன்று இரண்டு மூன்று நான்கு
சும்மா இருப்பது இத்தனை வேலையா?
பதினேழில் ஜெனரேட்டர் நின்றது.
இருட்டில் அவர்கள் சிதறினார்கள்:
வயலின்கள் முந்த, பஸூன் பின்தங்க,
ட்ரம்பெட் வேறு மாகாணத்தில்.
நான் எண்ணினேன்.
லாரிகளை எண்ணியவன், ஆப்பிள் பெட்டிகளை எண்ணியவன்,
எண்ணத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.
முப்பத்தொன்று இரண்டு மூன்று நான்கு
டப்.

எல்லோரும் அந்தச் சத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள்,
வக்கீல்கள் உட்பட.

அக்டோபரில் தலைமையகத்திலிருந்து கடிதம்:
அலுவலர் கயூபுல் கவனத்துக்கு.
மேற்படி படிவத்தின் வெற்றுப் பின்பக்கத்தில்
எதற்கும் அனுமதி தராத முத்திரை ஒன்று உள்ளது.
விளக்கம் தருக.

மூன்று வரி எழுதிக் கிழித்தேன்.
பிறகு படிவத்தைத் திருப்பி
காலியாய்க் கிடந்த நாலாவது கட்டத்தில் நிரப்பினேன்:
அடி, ஒன்று. ரப்பர் முகம், மரக் கைப்பிடி.
எது நடுங்கியது என்று
அவர்கள் கேட்கவில்லை.