நாலாம் எண்

முஞ்சிறை ஒன்றிய அலுவலகத்தில்
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும்.
அதன் கீழே மேசை போட்டோம், வேட்புமனுப் பரிசீலனைக்கு.
காகிதம் பறக்காமலிருக்க
ஒவ்வொரு மனுவின் மேலும் ஒரு வெட்டுக்கல் சில்லு.

மாங்கோட்டுவிளை ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஆறு பேர்:
அனிற்றஸ், குமரேசதாஸ், கொச்சுமணி,
செலின்பாய், தேவபாலன், றசாலம்.
அகர வரிசையில் நான்தான் எழுதினேன்.
செலின்பாய் நாலாவது.

ரப்பர் பால் வெட்டுகிறவள். விடியுமுன் முந்நூறு மரம்.
ஒட்டுப்பால் காய்ந்த விரலால் கையெழுத்துப் போட்ட இடமெல்லாம்
தாள் லேசாகப் பிடித்துக்கொண்டது.

ஆட்சேபம் எழுப்பியவர் கொச்சுமணியின் வக்கீல்.
வாக்காளர் பட்டியலில் செலின்பாய்.
வீட்டுவரி ரசீதில் செல்லம்பாய்.
"இதில் எந்தப் பெண் போட்டியிடுகிறாள்?"
வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
வேடிக்கை என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

பிறகு சொன்னாள்:
"பள்ளிக்கூடத்தில செலின்பாய்.
வீட்டில அம்மை செல்லம்பாய்ண்ணு விளிப்பா.
ரண்டும் நானாக்கும் சார்.
ஆருட்ட வேணும்னாலும் கேளுங்க."

யாரிடம் கேட்பது?
ஊரே வாசலில் நின்றது.
ஊரைக் கேட்பதற்குத்தான் தேர்தல்,
அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

தேர்தல் அலுவலர் என்னைப் பார்த்தார்.
கைப்புத்தகம் என் மடியில்.
அற்பப் பிழைக்காக மனுவை ஒதுக்கலாகாது என்று
அதில் ஒரு வரி உண்டு,
எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும்.
நான் புரட்டவில்லை.
மணி இரண்டாகியிருந்தது, இன்னும் ஐந்து ஊராட்சி பாக்கி.
காரணம் அது மட்டும்தானா என்று கேட்காதீர்கள்.
என் தங்கையின் இடமாற்ற விண்ணப்பம்
கொச்சுமணிக்கு வேண்டிய ஒருவரின் மேசையில்
பங்குனியிலிருந்து கிடந்தது.

முத்திரையை மையில் ஒற்றினேன்.
"அது ரப்பரா சார்?" என்றாள்.
ஆமென்றேன்.
தள்ளுபடி
கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

அச்சுக்குப் போனபோது
தேவபாலன் நாலாவதாக ஏறினார், றசாலம் ஐந்து.
மார்த்தாண்டம் பஸ்ஸில் ஆள் இறங்கிய இருக்கையில்
சூடு ஆறுமுன் அடுத்தவர் உட்காருவதுபோல.
இடைவெளி விடுவதற்கு விதியில்லை.

அன்றிரவு என் காகிதங்களைக் குடைந்து பார்த்தேன்.
ஞானஸ்நானச் சீட்டில் எஸ்தேவான்.
சம்பளப் பட்டியலில் ஸ்டீபன்.
மின்கட்டண அட்டையில்
ஒன்பது வருடமாக இறந்துபோன அப்பா.

வாக்கு எண்ணிக்கை.
கொச்சுமணி நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.
செல்லாதவை இருநூற்றுப் பதிமூன்று.
சிலதில் கை நடுங்கியிருந்தது,
சிலதில் இரண்டு சின்னத்தில் குத்து.
ஆனால் நூற்றுக்கு மேல்
ஐந்து சின்னத்துக்கும் கீழே, தாளின் விளிம்போரம்,
யாருமில்லாத வெள்ளையில்
முத்திரை நேராக, அழுத்தமாக விழுந்திருந்தது.
"இடம் தவறியவை" என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
குத்தியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது தாளில் இல்லை.
கட்டி, அரக்கு வைத்தோம்.
அரக்கு ஒரு சொட்டு என் சட்டையில்.

அடுத்த வாரம்
டெபாசிட்டைத் திருப்பி வாங்க வந்தாள். அறுநூறு ரூபாய்.
பதிவேட்டில் இடம் காட்டினேன்.
"எந்தப் பேரு போடணும் சார்?"
"எதுவானாலும் சரி."
பணத்தைத் திருப்பித் தருவதற்கு
அவள் ஒருத்திதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.
இரண்டையும் எழுதினாள், ஒன்றின் கீழ் ஒன்றாக.
நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள்.
ஒன்றை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

"இது கிழிஞ்சிருக்கு, செல்லாது.
மாத்தித் தாங்க."