தாழ் திறக்கும் வரை

சொடுக்.
அவ்வளவுதான். இடி இல்லை,
தோளில் உதை இல்லை.
அறுபது தப்படிக்கு அப்பால்
கரிபூ மான் குளம்பால் பனியைக் கிளறி
எதையோ மென்றுகொண்டிருக்கிறது.

தாழை உடனே இழுக்கக் கூடாது.
பழைய தோட்டா சில நேரம்
யோசித்துவிட்டு வெடிக்கும்.
முப்பது எண்ண வேண்டும், குழல் அசையாமல்.

ஒன்று. இரண்டு.

லாங் பிராஞ்ச், நாற்பத்து மூன்று என்று
இரும்பில் பொறித்திருக்கிறது.
டொரொன்டோவுக்குப் பக்கத்தில்
யாரோ இரவு ஷிஃப்டில் கடைந்த குழல்.
பின்குறியில் இரண்டே துளை:
முந்நூறு கஜம், அறுநூறு கஜம்.
அதைவிடப் பக்கத்தில் வருகிறவனை
முனையில் மாட்டிய கத்தி பார்த்துக்கொள்ளும்,
அது செய்தவர்களின் கணக்கு.
கத்தியைக் கழற்றிக்கொண்டுதான்
எங்கள் இக்லூலிக்குக்கு அனுப்பினார்கள்.

ரேஞ்சர் படையில் சேர்ந்த மாதம்
ஒரு கிழட்டுக் கடாவைச் சுட்டேன்.
குண்டு முதுகுக்கு மேலே கையகலம் தள்ளிப் போனது.
அது ஓடக்கூட இல்லை.
என்னைப் பார்க்காமல்
குண்டு போய் விழுந்த திசையைப் பார்த்தது.
அன்றைக்குப் புரிந்தது,
பக்கத்தில் நிற்பது யாரென்று
இந்தத் துப்பாக்கிக்குத் தெரியாது.
நெஞ்சு வேண்டுமென்றால்
முன்னங்கால் மூட்டைப் பார்க்க வேண்டும்.

பதினொன்று.

கையுறை கழற்றிய விரல்
விசையில் ஒட்டத் தொடங்குகிறது.
மைனஸ் இருபத்தெட்டு.
காலையில் எண்ணெயைச் சொட்டு விடாமல்
துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
எண்ணெய் இருந்தால் இந்தக் குளிரில்
தாழ் பாகாக இறுகிவிடும்.

கூட்டுறவுக் கடையில் ஒரு பெட்டித் தோட்டா
அறுபத்தெட்டு டாலர். இருபதுதான் இருக்கும்.
இவை அங்கே வாங்கியவை அல்ல.
கொழுந்தன் ஊத்தாக்
ஸ்கிடூ பெல்ட்டுக்கு மாற்றாகக் கொடுத்த தகரப் பெட்டி,
ராணுவ முத்திரையோடு.
“பத்துக்கு ஒன்று தூங்கும் அண்ணி”
என்று சொல்லியேதான் கொடுத்தான்.
நியாயமான வியாபாரம்.

பத்தொன்பது.

மான் தலையைத் தூக்குகிறது.
மூக்கைச் சுற்றி அதன் மூச்சே
வெள்ளை மயிராக உறைந்திருக்கிறது.
நான் ஒரு பனிக்கட்டி. நான் ஒரு பனிக்கட்டி.
வெள்ளை அங்கிக்குள் என் முழங்கால்
அதை நம்ப மறுத்து நடுங்குகிறது.

இந்தத் தோட்டாவை அடைத்த நாளில்
இதற்கென்று ஒரு மனிதன் இருந்திருப்பான்,
எங்கோ, முந்நூறு கஜத்தில்.
தனக்கு வராமல் போன ஒன்றைப் பற்றித்
தெரியாமலே அவன்
தாடி நரைத்துச் செத்திருக்கலாம்,
மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு.

இருபத்தாறா, இருபத்தேழா?
தவறிவிட்டது.
சந்தேகத்துக்கு, மறுபடி இருபதிலிருந்து.

மான் குனிகிறது. மெல்லுகிறது.
எனக்கும் காலையிலிருந்து தேநீர் மட்டும்தான்.

முப்பது.

தாழைத் தூக்கி இழுக்கிறேன்.
தோட்டா பனியில் விழுந்து புதைகிறது,
அடியில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு குழி.
இரும்பின் சத்தத்துக்கு
மான் ஓர் அடி முன்னே வைக்கிறது.
அந்த ஓர் அடியில்
விலா முழுவதும் எனக்குத் திரும்புகிறது.

தள்ளு. பூட்டு. மூட்டைப் பார்.

இரண்டாவது தூங்கவில்லை.

நாக்கு ஊத்தாக் வீட்டுக்கு, பெல்ட்டோடு சேர்த்துக் கணக்கு தீர்ந்தது.
ஒரு தொடை கௌனாக் வீட்டுக்கு,
அவள் புருஷன் ஒட்டாவா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.
முதுகுக் கொழுப்பு என் மகளுக்கு;
வாசலிலேயே பச்சையாகத் தின்றுவிடுவாள்.
சறுக்குவண்டியில் தோலைப் போர்த்திக் கட்டும்போது
அங்கிப் பையில் அந்தச் செத்த தோட்டா
சாவியோடு உரசிக்கொண்டே இருந்தது.

கடல் பனி கரையை விட்டுப் பிரியும் இடத்தில்
வண்டியை நிறுத்தினேன்.
பிளவில் கறுப்பாகத் தண்ணீர் ஏறி இறங்கியது.
போட்டேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

எஞ்சினைக் கிளப்பப் போனவள்
கையை எடுத்துவிட்டு
நின்ற இடத்தில், பழக்கதோஷம்,
முப்பது வரை எண்ணினேன்.