முப்பது பள்ளி நாட்களுக்குள்

சட்டம் தருவது முப்பது பள்ளி நாட்கள்.
இன்று இருபத்தாறாவது.
தண்டர் பேயில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.
ஏரிக்கரைத் தானியக் கிடங்குகளில்
விளக்குகள் ஒவ்வொன்றாய் மேலேறுகின்றன.
துப்புரவாளர் என் அறையைத் தாண்டிப் போய்
திரும்பி வந்து
குப்பைக்கூடையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

பெயர்: ஓரெஸ்ட் மெல்னிக்.
வயது: ஒன்பது.
பலங்கள் என்ற கட்டம் தானாக நிரம்பிவிட்டது.
தேவைகள் என்ற கட்டத்தில்
கர்சர் அரைமணி நேரமாய்க் கண்சிமிட்டுகிறது.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன தேவை இருக்கும் என்று
போன வருடம் நிதிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்,
நிஜமாகவே தெரியாமல்.

ஓரெஸ்ட்
அழிப்பான் தீரும்வரை அழிப்பான்.
அப்புறம் நகத்தால்.
பின்னக் கணக்கில் ஒரு விடை பிசகியதற்கு
கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குப் பின்னால்
அடுத்தவர் ஜாக்கெட்டுகளுக்குள் முகம் புதைத்து
மதியம் முழுக்க நின்றான்.

அதனால் எழுதினேன்:
ஆண்டு இலக்கு, ஜூனுக்குள் மூன்று தவறுகள் செய்வான்.
அளவுகோல், மூன்றாவதை அழிக்காமல் விடுவான்.
தலைமை ஆசிரியை பெல்ட்ராமோ
பச்சை மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்:
இலக்கு என்பது முன்னேற்றமாக இருக்க வேண்டும்.
அதுதானே முன்னேற்றம் என்றேன்,
அவரிடம் இல்லை, தாளிடம்.

அதோடு முடிந்திருக்கும்.
செவ்வாய்க்கிழமை கூட்டம்.
உள்ளே அவன் அப்பா, அம்மா, உளவியலாளர், ஆறிய காபி.
வெளியே பெஞ்சில்
இரண்டு ஜாக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு
லெஸ்யா.
அவனைவிடப் பதினோரு நிமிடம் இளையவள்.
அதே தேர்வு, அதே வாரம்.
வெட்டுப்புள்ளி தொண்ணூற்றெட்டு.
அவளுக்குத் தொண்ணூற்றாறு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் திட்டம்,
இந்தப் பக்கம் பெஞ்சு.

தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன்.
ஜன்னலுக்கு அப்பால் கோதுமை ரயில்
முடிவதாக இல்லை.
"நூத்திப் பதிமூணு பெட்டி," என்றாள், என்னைப் பார்க்காமல்.
"ஒவ்வொரு ஏழாவதையும் கழட்டிவிடணும்.
கடைசிக்கு வந்தா முதல்லேருந்து
எண்ணிக்கையை விடாம தொடரணும்.
மிஞ்சுறது எது?
அவன் ராத்திரிக்குள்ள சொல்லிடுவான்."
அவன் போட்ட கணக்கா என்றேன்.
"விடை அவனோடது," என்றாள்.

கோப்பில் ஆதாரமாக இணைத்த பன்னிரண்டு பக்கங்களை
இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன்.
விடைகள் அவன் கையெழுத்தில், எறும்பு வரிசையாய்.
ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும்
ஊதாப் பென்சிலில், வலப்பக்கம் சரிந்து, ஒரு கேள்வி.
வகுப்பில் கொடுத்தது என்று உளவியலாளர் நினைத்திருக்கிறார்.
வீட்டில் கொடுத்தது என்று வகுப்பாசிரியர்.
நான் நினைக்கவே இல்லை.

படிவத்தில்
கேட்டவருக்குக் கட்டம் கிடையாது.

வளங்கள் என்ற இடத்தில்
கணினி, எட்டாம் வகுப்புப் பாடநூல், வாரம் இரண்டு மணி நேரம்.
அதன் கீழே லெஸ்யா என்று தட்டினேன்.
உடனே அழித்தேன்.
ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின்
உபகரணமாக எழுத
எனக்கு யார் சம்பளம் கொடுப்பது?

புதுப் படிவம்.
பெயர்: லெஸ்யா மெல்னிக்.
வகை என்று கேட்கிறது. பட்டியலை இழுக்கிறேன்,
எல்லாவற்றுக்கும் அடியில்,
ஒட்டவைத்ததுபோல் ஒன்று:
முறைப்படி அடையாளம் காணப்படாதவர்.
அழுத்துகிறேன்.
தலைமை ஆசிரியையின் கையெழுத்து தேவை, என்கிறது சிவப்பில்.

பலங்கள் கட்டத்தில்
ரயில் கணக்கை அப்படியே எழுதினேன்,
கழட்டிவிடணும் என்பது உட்பட.
தேவைகள் கட்டத்தில் ஒரே வரி:
இனிமேல் ஓரெஸ்ட்
தன் ஜாக்கெட்டைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

பச்சை மையில் சுழித்து வரும்.
வரட்டும்.
இன்னும் நாலு நாள் இருக்கிறது.